ஒரு சாண் பூ

உப்பு மாட்டுவண்டியில் வந்த காலத்திலே, ஏரியை ஒட்டி ஓர் ஊர் இருந்ததாம். ஊர்க்கோடி மண்டபத்திலே மொட்டையம்மா என்று ஒரு சாமியாரம்மாள் இருந்தாளாம். அவளுக்கு ஒரே ஒரு சிஷ்யை. பேர் வேதவல்லி. குருவைவிடச் சிஷ்யைக்குத்தான் வயது கூட.

ஒருநாள் காலையில் வேதவல்லி மண்டபத்துக்கு ஓடிவந்தாள். வழக்கமாகக் கொண்டுவரும் தண்ணீர்க் குடம் இடுப்பில் இல்லை.

"சாமி, எங்க வீட்டு மூலையில இருக்கிறவ எப்போ போவா?"

மொட்டையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாரு இருக்கிறா?"

"அக்கா."

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. வேதவல்லியின் புருஷனுக்கு முதல் தாரம். ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு, பொட்டும் பூவுமாகவே கண்ணை மூடியவள். அப்படிப் போனவளை அந்த ஊரில் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் ஒரு மூலையை அவளுக்கென்று விட்டு, பூ வைத்துக் கும்பிடுவார்கள். மறந்தால் வந்து கேட்பாளாம்.

வேதவல்லி மறந்ததே இல்லை.

வாழ வந்த அன்றைக்கே அந்த மூலையை மெழுகிக் கோலம் போட்டாள். பரணில் தூசி மண்டிக் கிடந்த மூத்தவளின் பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். ரசம் போன கண்ணாடி ஒன்று, அதன் சட்டத்தில் மூக்கோடு மூக்கு வைத்த இரண்டு கிளிகள். ஒரு தேக்கு முக்காலி. குங்குமச் சிமிழ். கொம்புச் சீப்பு. விளிம்பு நசுங்கிய பித்தளைச் செம்பு.

புளி போட்டுத் தேய்த்ததில் செம்பு பளபளவென்று ஆனது. அதில் தண்ணீர் ஊற்றிச் செவ்வரளியைச் செருகி வைப்பாள். கண்ணாடியின் மேல் கதம்பம். மல்லி, மரு, கனகாம்பரம், நடுநடுவே சாமந்தி. தினமும் அவளே கட்டுவாள்.

"கல்யாணப் பொண்ணு வந்து உட்காருற இடம் மாதிரி இருக்குதேடி!" என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

வேதவல்லி மட்டும் அந்த மூலைக்கு முதுகு காட்ட மாட்டாள். பூவைச் சாத்திவிட்டு, பார்த்தபடியே பின்னால் நடந்துதான் வெளியே வருவாள்.

"பூ வைக்கிறேன் சாமி. விளக்கு ஏத்துறேன். இருந்தும் ரெண்டு பிள்ளை வயித்துலயே போச்சு. இப்போ இது மூணாவது." அவள் கை வயிற்றுக்குப் போயிற்று. "இதையும் எடுத்துக்குவாளோ…"

"அது பழைய பயம். இன்னிக்கு என்ன புதுசா?"

"போன மாசம் அவ முன்னால உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தினம் கட்டுறேனே, ஒரு பூவாவது எடுத்துக்கோயேன் அக்கான்னு கேட்டேன்."

"ம்."

"மறுநாள் மத்தியானம் கிணத்தடியிலேருந்து வர்றேன். கதம்பத்துல ஒரு சாண் இல்ல."

"கேட்டே. எடுத்துக்கிட்டா. அப்புறம் என்ன?"

"அதான் சாமி பயமா இருக்கு!"

மொட்டையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. அன்னிக்கிலேருந்து தினம் ஒரு சாண். நேத்து முக்காலியைத் தொட்டுப் பார்த்தேன். சூடா இருந்துச்சு. ஆள் உட்கார்ந்து எழுந்த சூடு."

மொட்டையம்மாவின் சிரிப்பு நின்றது.

"வீட்டுல வேற யாரு?"

"அவரு காலையிலயே சந்தைக்குப் போயிடுவாரு. அப்புறம் அக்கா பெத்த குழந்தை, தையல்நாயகி. கொல்லையில கன்னுக்குட்டியோட கிடக்கும். அது அந்த மூலைப் பக்கம் தலைகூடத் திருப்பாது. தொட்டா கண்ணு அவிஞ்சு போகும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

மொட்டையம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"வா. அவ வந்து போற நேரமாப் பார்த்துப் போவோம்."

உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை.

வாசல் கதவைத் தள்ள வேதவல்லிக்குக் கை வரவில்லை. மொட்டையம்மாதான் தள்ளினாள். உள்ளே இருட்டு. மரு வாசனை முகத்தில் வந்து மோதியது.

கதம்பத்தில் ஒரு சாண் இல்லை.

"இன்னிக்கும்," என்றாள் வேதவல்லி. "சாமி, போயிடலாம்."

மொட்டையம்மா நேரே போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐயோ!"

"ஆமாம். சூடாத்தான் இருக்கு."

அதோடு விட்டாளா? கொம்புச் சீப்பை எடுத்தாள். வேதவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மழித்த தலையில் சீப்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சரக். சரக்.

"வாரிக்கிட்டேன். நல்லா இருக்கா?"

"விளையாடாதீங்க சாமி. அது அவ சீப்பு."

"கண்ணைத் திற."

சீப்பு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. பல்லிடுக்கில் நீளமாக ஒரு முடி.

"என் தலையிலேருந்து வந்ததா?"

வேதவல்லி பின்னால் நகர்ந்தாள். சுவர் இடித்தது. நகர இடமில்லை.

"மோந்து பார்."

"மாட்டேன்."

"மோந்து பார் வேதவல்லி."

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

கரிசலாங்கண்ணி எண்ணெய்.

போன வெள்ளிக்கிழமை அடுப்பங்கரையில் குந்தி, புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கி அவளே காய்ச்சியது. அந்த வீட்டில் ஒரே ஒரு தலைக்குத்தான் அந்த எண்ணெய்.

சீப்பு எப்படியோ அவள் கைக்கு வந்திருந்தது.

கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. கொலுசுச் சத்தம். யார் என்று தெரிந்தும் வேதவல்லிக்கு மயிர்க்கால் குத்திட்டது.

தையல்நாயகி வந்து நின்றாள். சாமியாரம்மாவைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள். சித்தி கையில் இருந்த சீப்பைப் பார்த்தாள்.

"நான் இல்ல சித்தி. நான் தொடவே இல்ல."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணு இப்பவே போயிடுமா சித்தி?"

மொட்டையம்மாதான் கேட்டாள்.

"பூவை எதுக்கு எடுத்தே கண்ணு?"

"அப்படியே இருந்தா சித்தி அழுவாங்க. அம்மா எடுத்துக்கிட்டாங்கன்னா அழ மாட்டாங்க."

"இங்க உட்கார்ந்து என்ன பண்ணுவே?"

"ஒரே ஒரு தரம்தான் தலை வாரினேன். மத்த நாளெல்லாம் அம்மாகிட்ட கேப்பேன்."

"என்னன்னு?"

"பாப்பாவை விட்டுடும்மான்னு."

கொல்லையில் கன்றுக்குட்டி கத்தியது.

"எடுத்த பூவெல்லாம் எங்கே?"

"அதுக்குக் கொடுத்துட்டேன். அதான் இன்னும் வேணும்னு கத்துது."

வேதவல்லி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏன், தலையில வச்சுக்கலையா?"

"பயம்."

"அம்மாவை நினைச்சா?"

குழந்தை விரல்களைக் கொஞ்சம் விலக்கி, அந்த இடுக்கு வழியாகச் சித்தியைப் பார்த்தாள்.

வேதவல்லி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கையை நீட்டினாள். குழந்தை வரவில்லை. நீட்டிய கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தாள். வெகு நேரம் கழித்துக் கொலுசு ஓர் அடி நகர்ந்தது. இன்னோர் அடி.

மொட்டையம்மா எழுந்து முக்காலியைக் காலி செய்தாள்.

வேதவல்லி குழந்தையை அதில் உட்காரவைத்தாள். பின்னலை அவிழ்த்தாள். கொம்புச் சீப்பால் வார ஆரம்பித்தாள். ரசம் போன கண்ணாடியில் இரண்டு முகமும் கலங்கலாகத் தெரிந்தன.

சாமியாரம்மா வாசல்படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"சாமி!"

"என்ன?"

"நாளைக்குப் பூ…"

"கட்டு."

"எவ்வளவு கட்டட்டும்?"

"ஒரு சாண் கூட்டிக் கட்டு," என்று சொல்லிவிட்டு, மொட்டையம்மா திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.