மணல்துறை போர்க்குழு ஆள் சேர்த்த விதம்

மணல்துறை நூலக மாடியில் ஞாயிறுதோறும் போர் நடக்கும். ஏகாம்பரம், சவரிமுத்து, வைத்திலிங்கம் மூவரும் பெரிய மேசையில் விரலளவு பொம்மை வீரர்களை நிறுத்தி, தாயம் உருட்டி, சரித்திரப் போர்களை மறுபடி நடத்துவார்கள். மூவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புத்தி மட்டும் அவ்வளவு தூரம் வரவில்லை.

ஒருநாள் நூலகர் மங்கையர்க்கரசி மாடியேறி வந்தார். "இந்த மாசத்துக்குள்ள ஒரு இளவட்டமாவது சேரலைன்னா அறையை எடுத்துக்குவாங்க. நாலு பசங்க காதுல போட்டு வைங்க சார்."

அவர் இறங்கிப் போனதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"காதுல எதைப் போடறது?" என்றார் சவரிமுத்து.

"குதிரை வேண்டாம், குத்தும். காலாள் போதும்," என்றார் ஏகாம்பரம்.

கல்லூரி வாசலில் முதல் பையனின் காதிலேயே பொம்மை வீரன் சிக்கிக்கொண்டான். டாக்டர் எடுத்துக் கொடுத்தபோது வேல் உடைந்திருந்தது.

மங்கையர்க்கரசி தலையில் கைவைத்துக்கொண்டார். "காதுல போடறதுன்னா எடுத்துச் சொல்றது! பசங்களுக்கு வலை வீசணும் சார், வலை!"

"வலைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்று வருத்தப்பட்டார் வைத்திலிங்கம்.

ஞாயிறு காலை பேருந்து நிறுத்தத்தில் மீன்வலை வீசினார்கள். ஒரு நாயும் முத்தழகி என்ற கல்லூரி மாணவியும் அகப்பட்டார்கள். நாய்க்கு மூன்று வயதுதான் இருக்கும், அதையும் சேர்க்கலாம் என்றார் சவரிமுத்து. அதற்குள் அது ஓடிவிட்டது.

"உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்று கத்தினாள் முத்தழகி.

ஏகாம்பரம் நடந்ததையெல்லாம் சொன்னார். அவளுக்குப் பாவமாக இருந்தது. என்னதான் ஆட்டமென்று பார்க்க மாடியேறினாள்.

மேசையில் தக்கோலப் போர். சோழ இளவரசர் யானைமேல் இருந்தபடியே அம்பு பட்டு மாண்ட போர்.

"யானையை விட்டு இறங்கியிருந்தா தப்பிச்சிருப்பாரோ?" என்று கேட்டாள் முத்தழகி.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷத்தில் அது தோன்றவில்லை.

"இறங்க முடியாதும்மா," என்றார் ஏகாம்பரம். "பசை போட்டு ஒட்டியிருக்கு."

அவள் நகத்தால் பெயர்த்து இறக்கினாள். அப்புறம் மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. சோழப் படை ஜெயிக்கிற நிலையில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, "அடுத்த ஞாயிறு வந்து முடிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் அசையக் கூடாது!" என்று ஓடினாள்.

ஏகாம்பரத்துக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. துடைக்க முடியவில்லை.

மறுநாள் காலை சவரிமுத்து நின்ற இடத்திலேயே உதடு பிரியாமல் கேட்டார். "மூக்கு அரிக்குது. சொறியலாமா?"

"விதிப் புத்தகத்துல பாரு," என்றார் வைத்திலிங்கம்.

"அது அலமாரியில இருக்கே."

ஏகாம்பரமும் உதடு அசைக்காமல் சொன்னார். "இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு வந்ததும் பாத்துக்கலாம்."