தேனப்பன் செய்த மெழுகுத்துணி

ஆற்றங்கரைக் காட்டில் தேனப்பன் என்றொரு மரநாய் வாழ்ந்து வந்தது. இனிப்பென்றால் அதற்கு உயிர்.

ஒருநாள் காலை, அக்கரையிலிருந்து ஒரு மைனா பறந்து வந்தது. "தேனப்பா! உன் தங்கை பூவாயி குட்டிகள் ஈன்றிருக்கிறாள். பொந்தை விட்டு நகர முடியாமல் பட்டினி கிடக்கிறாள்!" என்றது.

தேனப்பன் துள்ளி எழுந்தது. "பலாப்பழத்தோடு வருகிறேன் என்று அவளிடம் சொல்!" என்று மைனாவை அனுப்பியது. கனிந்த பலாச்சுளைகளாகப் பார்த்துப் பொறுக்கியது. ஆனால், எதில் கட்டுவது? அதுவோ மழைக்காலம். சென்றமுறை தேக்கிலையில் கட்டிய பழம் வழியிலேயே நனைந்து கூழாகிவிட்டது.

அடுத்த மரத்தில் கீற்றழகி என்னும் அணில் குடியிருந்தது. அது தன் கொட்டைகளை மெழுகுத்துணியில் பொதிந்து வைத்திருந்தது. எத்தனை மழை பெய்தாலும் உள்ளே ஈரம் இறங்காது. துணியைத் துடைத்துவிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

"கீற்றழகி! எனக்கும் அப்படி ஒரு துணி செய்து கொடேன்!"

"செய்து கொடுக்க எனக்கு நேரமில்லை, அண்ணா. வேண்டுமானால் வழி சொல்கிறேன். கரையில் யாரோ விட்டுப்போன பருத்தித் துண்டு கிடக்கிறது. மருதமரத்தில் தேனீக்கள் கைவிட்ட பழைய அடை தொங்குகிறது. அடையைப் பிழிந்து, துளித் தேனும் இல்லாதபடி ஓடையில் அலசுங்கள். அதைப் பிய்த்துத் துணிமேல் தூவுங்கள். கொஞ்சம் குங்கிலியப் பிசின் தூளும் போட்டால் மடிப்பு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் கொதிக்கும் பாறையில் விரித்தால், மெழுகு உருகித் துணியில் ஊறிவிடும். அவ்வளவுதான்!"

தேனப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தேனை ஓடையில் விடுவதா? உனக்கென்ன பைத்தியமா?"

"எறும்பு வந்துவிடும், அண்ணா!"

"வந்தால் வரட்டும்! தேன் பட்டால் சுளை இன்னும் தித்திக்கும். கொட்டை கொறிக்கும் உனக்கு இனிப்பின் அருமை என்ன தெரியும்?"

"தெரியாதுதான். ஆனால், எறும்புக்குத் தெரியுமே!" என்று வாலை விசிறிவிட்டு அணில் மேலேறிப் போயிற்று.

தேனப்பன் அடையை அலசவே இல்லை. தேனும் மெழுகுமாகத் துணியில் அப்பியது. உச்சிவெயிலில் பாறையில் விரித்தது. துணி பொன்னிறமாகப் பளபளத்தது. சுளைகளை அதில் பொதிந்து உள்ளங்கைச் சூட்டில் அழுத்தியபோது மடிப்புகள் இளகி ஒட்டிக்கொண்டன. "ஆகா! இந்த மணத்துக்கே பூவாயியின் பசி பறந்துவிடும்!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டது.

பொட்டலத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுப் புறப்பட்டது. வழியில் தூறல் பிடித்தது. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. தேனப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கரை சேர்ந்ததும் பொட்டலத்தை ஒரு வேரில் மாட்டிவிட்டுச் சற்றே கண்ணயர்ந்தது.

செவ்வெறும்புகள் கண்ணயரவில்லை. தேன்மணம் பிடித்து வரிசையாக வந்தன. தித்திக்கும் மடிப்புகளைக் குடைந்து உள்ளே நுழைந்தன. விழித்தெழுந்த தேனப்பன் எதையும் கவனிக்காமல் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு தங்கையின் பொந்துக்கு ஓடியது.

"அண்ணா! வந்துவிட்டாயா? கண்ணெல்லாம் இருட்டுகிறது. சீக்கிரம் கொடு!"

தேனப்பன் ஆசையோடு பொட்டலத்தை அவிழ்த்தது. சுளைகள் இருந்த இடமே தெரியவில்லை. ஒரே சிவப்பு! கலைந்த எறும்புகள் கண் திறவாத குட்டிகளை நோக்கி ஓடின.

"ஐயோ! என் குழந்தைகள்!" என்று அலறிய பூவாயி, குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.

தேனப்பன் பொட்டலத்தை வாயில் கவ்வி ஓடியது. எறும்புகள் மூக்கையும் உதட்டையும் பிடுங்கின. சுளையும் துணியுமாக எல்லாவற்றையும் ஆற்றில் வீசிவிட்டுத்தான் அது நின்றது.

மழை வலுத்தது. வீங்கிய மூக்கோடு தேனப்பன் அத்திமரத்தில் ஏறியது. அகப்பட்டதெல்லாம் காய்தான். அவற்றைக் கொண்டுவந்து தங்கையின் முன் வைத்துத் தலைகுனிந்தது.

பூவாயி துவர்ப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒன்றைக் கடித்தது. "பலாப்பழம் கொண்டு வருகிறாய் என்று மைனா சொன்னதே, அண்ணா?"

"கொண்டுதான் வந்தேன், அம்மா. ஒரு வாய்த் தேனைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் உன் பழம் முழுவதும் போயிற்று" என்றது தேனப்பன்.

விட வேண்டிய சிறிதை விட மனமில்லாதவர், காக்க வேண்டிய பெரிதையும் இழப்பர்.