சடையனூரின் முடிக்கணக்கு

சடையனூர் அரண்மனையில் வழுக்கைத் தலைக்கு வேலை கிடையாது. ராஜா குந்தளவர்மன் போட்ட சட்டம் அது. கிரீடத்துக்குக் கீழே தோள்வரை சுருண்டு தொங்கும் தன் முடியைத் தடவிக்கொண்டேதான் அவர் தீர்ப்புச் சொல்வார், சாப்பிடுவார். கிரீடத்தை மட்டும் கழற்றி யாரும் பார்த்ததில்லை. முடி கொட்டிப்போன பாவப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? தலைப்பாகை கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சபையில் அம்பலவாணன் என்றொரு கெட்டிக்காரன். அவனுக்குச் சொத்து இரண்டு. ஒன்று கணக்கு, இன்னொன்று முழ நீளக் குடுமி. இரண்டையும் பார்த்தாலே அமைச்சர் ஏகாம்பரருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அம்பலவாணன் சும்மா இருக்கமாட்டாமல் சொன்னான்: "மன்னா, நம் ஊரில் இரண்டு பேர் தலையிலாவது முடி ஒரே எண்ணிக்கையில் இருக்கும். எண்ணிப் பார்க்காமலே சொல்வேன்."

"எண்ணாமல் எப்படி ஐயா தெரியும்?" என்றார் ராஜா.

"பன்னிரண்டு மணை போடச் சொல்லுங்கள். மணைக்கு ஒரு மாதம். சபையில் பதின்மூன்று பேர் அவரவர் பிறந்த மாதத்தில் போய் உட்காரட்டும்."

உட்கார்ந்தார்கள். ஆடி மணையில் ஜோசியர், ஒல்லிப்பிச்சான். கடைசியாக வந்த சேனாதிபதியும் ஆடிதான். அவர் உடம்போ நெல் குதிர். "அரச கட்டளை" என்று சொல்லிவிட்டு ஜோசியர் மடியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஐயோ! இது என் ஜாதகத்தில் இல்லையே!" என்று அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மணை பன்னிரண்டு, ஆள் பதின்மூன்று. எப்படி உட்கார்ந்தாலும் யார் மடியாவது நசுங்கத்தான் வேண்டும்" என்றான் அம்பலவாணன். "எவ்வளவு அடர்ந்த தலையிலும் முடி இரண்டு லட்சத்தைத் தாண்டாது. நம் ஊரிலோ மூன்று லட்சம் பேர். பூஜ்யத்திலிருந்து இரண்டு லட்சம் வரை எண் எழுதி மணை போடுவோம். அவரவர் முடிக்கணக்குப்படி உட்காரட்டும். என்ன ஆகும்?"

"ஊரே மடியில் உட்காரும்!" என்று ராஜா கைதட்டினார்.

ஏகாம்பரருக்குப் பொறுக்கவில்லை. "வெறும் வாய்ப்பந்தல், மன்னா! இரண்டு பேர் இருக்கிறார்களாமே, யார் அவர்கள்? மூன்றாம் நாள் கொண்டுவந்து நிறுத்தட்டும். இல்லாவிட்டால் குடுமியை மழித்து வேலையை விட்டுத் துரத்துங்கள்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார்.

அம்பலவாணன் குடுமியை இறுகப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். இரண்டு பேர் இருப்பது நிச்சயம். ஆனால் யாரென்று அந்தக் கணக்கு சொல்லாதே!

முதல் நாள் அரண்மனை நாவிதர் மாடப்பனைக் கூப்பிட்டுத் தன் தலையை எண்ணச் சொன்னான். காலையிலிருந்து எண்ணி, நாற்பதாயிரத்து முந்நூற்றிரண்டு என்று சொல்லி மாடப்பன் ஒரு தும்மல் போட்டார். எண்ணியது, எண்ணாதது எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிட்டது.

"போகட்டும் சாமி. எனக்கு உங்க தலை பழக்கம். சபையில என் கை படாத தலை ரெண்டே ரெண்டுதான்" என்றார் மாடப்பன்.

"யார் யார்?"

"சொன்னா என் தலை போயிடும்!"

இரண்டாம் நாள் அம்பலவாணன் வழுக்கையைத் தேடி வீதி வீதியாக அலைந்தான். இரண்டு வழுக்கை கிடைத்தால் பூஜ்யமும் பூஜ்யமும் சமம், குடுமி தப்பிக்கும். "வழுக்கையா? எனக்கா?" என்று ஆளாளுக்குத் தலைப்பாகையை அமுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாம் நாள் சபை நடுவில் உட்காரவைத்துக் குடுமியை அவிழ்த்தார்கள். அம்பலவாணனுக்கு அழுகையே வந்துவிட்டது. மாடப்பனின் கத்தி தலைக்கு அருகே வந்தது. ஏகாம்பரர் நன்றாகப் பார்க்க வேண்டுமென்று முன்னால் வந்து குனிந்தார். அவர் தலைப்பாகை விளிம்பில் ஒரு முடிகூட எட்டிப் பார்க்கவில்லை; மாடப்பன் சொன்ன கை படாத தலைகள் அம்பலவாணனுக்கு நினைவுக்கு வந்தன.

"மழியுங்கள்" என்றான் அம்பலவாணன். "மழித்தபின் என் கணக்கு பூஜ்யம். எனக்கு ஜோடி இந்தச் சபையிலேயே இருக்கிறது. அப்போது நான் ஜெயித்தவன். ஜெயித்தவனை மழித்தது தப்பு. முடியைத் திரும்ப ஒட்டவைப்பது யார்?"

"ஜோடியா? யாரது?" என்றார் ராஜா.

அம்பலவாணன் அமைச்சரின் தலைப்பாகையை ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான். பதறிப்போன ஏகாம்பரர் இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் அது சரிந்து விழுந்தது. உள்ளே வெண்கலச் செம்புபோலப் பளபளவென்று ஒரு தலை!

ராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிம்மாசனத்தில் புரண்டு புரண்டு சிரித்தார். கிரீடம் கழன்று உருண்டது. அதோடு சேர்ந்து அந்தச் சுருள்முடி மொத்தமும் உருண்டது.

ராஜாவின் தலையும் பளபளத்தது.

"மாடப்பரே, கத்தியை உறையில் போடும். என் தலை தேவைப்படவில்லை" என்றான் அம்பலவாணன்.

ராஜா தன் தலையைத் தடவினார். அமைச்சர் தலையைப் பார்த்தார். பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். "சட்டம் ஒழிந்தது! குடுமிக்காரா, நீ ஜெயித்தாய். என்ன பரிசு வேண்டும், கேள்!"

"ஒரே ஒரு மணை போதும், மன்னா. அதில் பூஜ்யம் என்று எழுதி நடுச்சபையில் போடச் சொல்லுங்கள். உட்கார வேண்டியவர்கள் இரண்டு பேர்."

மணை வந்தது. ராஜா எழுந்து வந்து அதைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அமைச்சரே, முதலில் நீர் உட்காரும்."