இறங்கி வந்த நேர்காணல்

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் இடமுண்டு என்று முழங்குபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவளை மட்டும் மறந்துவிடுவார்கள். விஞ்ஞானிப் பணி கேட்டு ஜெபக்கனி வந்தபோது நேர்காணல் மூன்றாம் மாடியில் நடந்தது, லிப்ட் கிடையாது.

இயக்குநர் தணிகாசலம் தேர்வுக்குழுவினரோடு படியில் நின்று கீழே பார்த்தார்.

"மேலே வந்தால்தான் நேர்காணல். மாடியேற முடியாத நீங்கள் இங்கே என்னம்மா ஆராயப் போகிறீர்கள்?"

"கீழே இருக்கிறதே உங்கள் பெரிய மைக்ராஸ்கோப், அது மாடியேறுமா சார்?"

"இரண்டு டன் எடை, எப்படி ஏறும்? நாங்கள்தான் இறங்கிப் போவோம்."

"அதற்குக் காட்டும் மரியாதையை எனக்கும் காட்டுங்களேன்."

தேர்வுக்குழு மொத்தமும் சிரித்தது. தணிகாசலமும் சிரித்துவிட்டு, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

ஜெபக்கனிக்கு வேலை கிடைத்தது. பின்னாளில் அவளே இயக்குநரானாள். அலுவலகத்தைத் தரைத்தளத்திலேயே வைத்துக்கொண்டாள்.