ஏரியைத் தாங்கிய பலகை

ஆசானுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்தாறு. இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

ஆசானின் பெயர் மெஹருன்னிசா. காயல்பட்டினத்தில், அடுப்படிக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விளையாடுவாள். சீடரின் பெயர் தாணுலிங்கம். பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் குளங்களையும் மதகுகளையும் பார்த்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். நாகர்கோவிலில், இறந்துபோன தங்கை ஆவுடையின் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பெயரிலேயே அந்த விளையாட்டுக்குள் போவார். ஹெட்போன் வழியாக இருவரும் பேசிக்கொள்வார்கள்.

அந்த உலகத்தில் கல், மரம், மணல், தண்ணீர் எல்லாமே சதுரக் கட்டிகள். வெட்டி எடுக்கலாம், அடுக்கி வீடு கட்டலாம். பசித்தால் உணவு தேட வேண்டும். தண்ணீருக்குள் அதிக நேரம் இருந்தால் மூச்சு முட்டிச் சாக வேண்டும். பன்னிரண்டு பேர் அங்கே குடியிருந்தார்கள். தண்ணீரால் தொல்லை என்றால் எல்லோரும் மெஹருன்னிசாவைத்தான் கூப்பிடுவார்கள். கடலுக்கு அடியில் பூசணித் தோட்டம் போட்டவள் அவள்.

தாணுலிங்கம் அவளை முதலில் கேலியாகத்தான் ஆசான் என்று அழைத்தார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

வியாழக்கிழமை காலை கூப்பிட்டார்.

"ஆசானே, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தண்ணியா?"

"தண்ணிதான்."

"இருங்க அண்ணாச்சி. இன்னும் ஒரு விசில் வரணும்."

குக்கர் கூவியது. அவள் வந்தாள்.

ஏரிக்கு அடியில் ஒரு வீடு இருந்தது. ஆவுடை படுக்கையில் கிடந்த கடைசி வருடத்தில் அதைக் கட்டினாள். ஒரே அறை. கரைச் சரிவில் பின்சுவர் புதைந்திருக்கும். முன்வாசல் ஏரியைப் பார்த்திருக்கும். வாசலுக்குக் கதவில்லை. குறுக்காக ஒரு மரப் பலகை. அந்தப் பலகையைத் தாண்டி மனிதர் போகலாம், தண்ணீர் போகாது. அந்த உலகத்துத் தண்ணீரின் குணம் அப்படி. பலகையில் ஆவுடை எழுதியிருந்தாள்: அண்ணா, குனிந்து வா.

உயிரோடு இருந்தபோது பலமுறை கூப்பிட்டாள். "தண்ணிக்கு அடியில வீடா? முத நாளே இடிஞ்சு விழும்" என்று சிரித்துவிட்டு அண்ணன் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவள் போய் மூன்று மாதம் கழித்துத்தான் உள்ளே வந்தார். பலகையைப் படித்தார். குனிந்து போனார். போனவர் திரும்பிப் பார்த்தார்.

முப்பதடித் தண்ணீர். ஒற்றைப் பலகை.

அவருக்கு மனம் பொறுக்கவில்லை. எத்தனையோ கரை உடைப்பு பார்த்தவர். பலகையை எடுத்துவிட்டு முறையாகக் கல்லில் ஒரு மதகு கட்டிவிடலாம் என்று நினைத்தார். எடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் வீட்டுக்குள் ஏரி இருந்தது. கைக்கு வந்த பலகையில் எழுத்து இல்லை. அங்கே பிடுங்கிய பலகை வெறும் பலகை.

"பொறவு என்ன செஞ்சீங்க?"

"தரையில ஒரு தொளை போட்டேன். கீழ ஒரு குழி வெட்டி தண்ணிய இறக்கினேன்."

"இறங்கிச்சா?"

"குழி நெறஞ்சுது."

"மேல?"

"ஒரு சொட்டு கொறையல."

ஹெட்போனில் அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"சிரி பிள்ளே, சிரி. கீழ தொளை போட்டா மேல வடியணும்லா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தண்ணி!"

"இந்தத் தண்ணி அப்படிச் சொல்லலியே அண்ணாச்சி. இது நுழைஞ்ச எடத்துல எல்லாம் ஊத்தாயிரும். வழி காட்டினா போகாது. பெருகும்."

"இந்த விளையாட்டச் செஞ்சவன எங்கிட்ட காட்டு. ஒரு மழைக்காலம் குளத்தங்கரையில உக்கார வைக்கேன்."

"அவன் வர மாட்டான். உங்களுக்கு எப்ப வேணும்?"

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு."

ஆவுடையின் மகள் ரஞ்சனி கனடாவில் இருந்தாள். அம்மா கட்டிய வீட்டைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே முதல்முறையாக விளையாட்டுக்குள் வருகிறாள். வீடு அப்படியே இருக்கிறது என்று மாமா போனில் சொல்லியிருந்தார். சொன்னபோது அப்படியேதான் இருந்தது.

மெஹருன்னிசா கேட்டாள். "வீடு நீளம் எத்தன கட்டம்?"

"ஒம்பது. அகலம் ஏழு. ஒயரம் நாலு."

"எத்தன ஆச்சு?"

"இருநூத்தி அம்பத்திரண்டு."

"அவ்வளவு மணல் வெட்டிட்டு வாங்க. குழி வாயக் கல்லால மூடிட்டு, தண்ணி நிக்கிற ஒவ்வொரு கட்டத்துலயும் மணலக் கொட்டணும். மணல் வந்தா தண்ணிக்கு அங்க எடமில்ல. எல்லாம் நெறஞ்ச பொறவு மணல வெட்டி எடுத்தா, மிஞ்சுறது காத்துதான்."

"என் தங்கச்சி வீட்ட மண்ணப் போட்டு மூடச் சொல்லுதியா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

ஆனால் மத்தியானம் அவள் போய்ப் பார்த்தபோது, வீட்டிலிருந்து ஒரு பகல் நடையில் இருந்த மணல்காட்டில், ஆவுடையின் பெயர் தாங்கிய சின்ன உருவம் ஒன்று தனியாக மணல் வெட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டத் தொடங்கினார். உள்ளிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கியபடியே கொட்டினார். பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க ஏரியின் மேலே வந்தார். ஒருமுறை தாமதித்து மூழ்கிச் செத்தார். செத்தவர் திரும்பப் பிறந்து நடந்து வந்து, சிதறிய மணலைப் பொறுக்கிக்கொண்டு மீண்டும் இறங்கினார்.

சாயங்காலம் மெஹருன்னிசா வந்தாள். மணலுக்கு நடுவே ஓரிடத்தில் தண்ணீர் நின்றது.

"இது என்ன?"

"ஒண்ணு வெட்டிப் பாத்தேன். நீ சொன்னது சரிதானான்னு. பக்கத்துல இருந்து தண்ணி வந்துட்டு."

"பாதிக் கரை போட்டுட்டு, தண்ணி நிக்குதான்னு குளத்தத் தெறந்து பாப்பீங்களா நீங்க?"

"பாக்க மாட்டேன்."

"பொறவு?"

அவர் அந்தக் கட்டத்தில் மறுபடி மணலைக் கொட்டினார். கொட்டிவிட்டுக் கேட்டார்.

"ஆசானே, ஒண்ணு மட்டும் சொல்லு. முப்பதடித் தண்ணிய ஒத்தப் பலகை எப்படித் தாங்கிச்சு?"

"மணல் இன்னும் எத்தன இருக்கு?"

"நூத்திப் பத்து."

"கொட்டுங்க."

சனிக்கிழமை மாலைக்குள் வீடு நிறைந்துவிட்டது. அலமாரி மறைந்தது. அடுப்பு மறைந்தது. கட்டில் மட்டும் வாசலுக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்துப் போட்டிருந்ததால், கடைசியாக வந்தது. அதன் கால்மாட்டில் மணல் விழுந்தது. தலைமாட்டில் விழவில்லை. அவர் வெளியே வந்து வாசலை அடைக்கக் கல்லை எடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரு கட்டம் பாக்கி."

"தெரியும்."

"ஒண்ணுல இருந்து எல்லாம் வந்துரும்."

"தெரியும் பிள்ளே."

அவள் காத்திருந்தாள். யார் வீட்டிலோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் வீடாகவும் இருக்கலாம், அவள் வீடாகவும் இருக்கலாம்.

"நீங்க நேத்து கேட்டதுக்கு ஒண்ணு சொல்லவா?" என்றாள். "நான் இங்க வந்த புதுசுல இந்த ஏரிக்குள்ளதான் விழுந்து செத்துக்கிட்டே இருந்தேன். உங்க தங்கச்சிதான் என்னை இந்த வீட்டுக்குள்ள இழுத்துப் போட்டாங்க. தண்ணிய மணலப் போட்டு வெரட்ட அவங்கதான் சொல்லித் தந்தாங்க. நானும் பலகையப் பாத்துட்டு, 'அக்கா, இது எப்படி இவ்வளவு தண்ணியத் தாங்குது?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'எனக்கு என்ன தெரியும்? எங்க அண்ணன் எஞ்சினியர். அவன் வந்தா கேட்டுச் சொல்லுதேன்'னாங்க."

தாணுலிங்கம் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலின் தலைமாட்டில் மணலைக் கொட்டினார். வெளியே வந்து வாசலைக் கல்லால் அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கரையிலிருந்து மண்ணைக் குடைந்து, உலர்ந்த வழியாக, பின்சுவரைத் திறந்து உள்ளே நுழைந்தார். மணலை வெட்டினார். காற்று வந்தது. இன்னும் வெட்டினார். அலமாரி வந்தது, அடுப்பு வந்தது, கடைசியில் கட்டில் வந்தது. ஒன்பதரைக்கு வீடு காய்ந்து நின்றது. தண்ணீர் அடித்துப்போன விளக்குகளை ஆவுடை வைத்த இடங்களிலேயே வைத்தார்.

மெஹருன்னிசா வந்து சுற்றிப் பார்த்தாள்.

"வாசல்ல கல்லு நிக்குதே?"

"நிக்கட்டும். இனி ஒரு ஏரி வந்தாலும் அசையாது."

"மருமக எப்படி வருவா?"

"பொறத்தால வழி வெட்டியிருக்கேனே."

"அம்மா வீட்டுக்கு முத தடவை வாற பிள்ளையப் பின்வாசல் வழியா வரச் சொல்லுதீங்களா?"

பலகை இன்னும் அவர் பையில்தான் இருந்தது.

"கல்லுக்கு உள்பக்கம் பலகைய மாட்டுங்க. மாட்டிட்டுக் கல்ல எடுங்க."

"அன்னைக்கு நான் இப்படித்தான் மாத்திச் செஞ்சிருக்கணும். பலகைக்கு உள்ள கல்ல வச்சிட்டு..."

"செஞ்சிருந்தா மணல் வெட்டத் தெரிஞ்சிருக்காது. மாட்டுங்க."

மாட்டினார். கல்லின் மேல் விரலை வைத்தார். முப்பத்து நான்கு வருடம் படித்ததும் பார்த்ததும் எல்லாம் அந்த விரலைப் பிடித்து இழுத்தன. மணி ஒன்பது ஐம்பது.

கல்லை எடுத்தார்.

ஏரி வாசல்வரை வந்தது. பலகையைத் தொட்டது. நின்றது.

அவர் மூச்சு விடும் சத்தம் காயல்பட்டினம்வரை கேட்டது.

"நிக்குது" என்றார்.

"நிக்கும்."

"ஏன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல ஆசானே."

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. எழுதுங்க."

"என்னத்த?"

"பலகை வெறுமனே இருக்குல்லா."

"அவ எழுதுனது போயிட்டு. என் எழுத்து எதுக்கு? எழுதலைன்னா தண்ணி உள்ள வந்துருமா?"

"வராது."

"பொறவு என்ன?"

"தண்ணிக்குப் படிக்கத் தெரியாது அண்ணாச்சி. வாறவளுக்குத் தெரியும்."