கோடு நின்ற இடம்

இதை எனக்கு முதலில் சொன்னவள், மலைமேல் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் வேலை பார்க்கும் என் மகள் தையல்நாயகி. போன மாசி மகத்தன்று சொன்னாள்.

அங்கே அறவாழி என்று ஒரு மாணவர். வயது ஐம்பது. அவருடைய குரு செலினா அம்மாவுக்கு நாற்பதுதான்.

"மேடம், கம்ப்யூட்டர் என் காலை வாரிவிட்டுடுச்சு."

"என்ன சார் ஆச்சு?"

அவர் கணக்குப் போட்டது ஒரு நட்சத்திரத்துக்கு. சூரியனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். ஆனால் ஒரு ஊருக்குள் அடங்கிவிடும். நொடிக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றும்.

"வேகமா சுத்துறவரைக்கும் விடை வருது. பொருளைக் கூட்டாம குறைக்காம, வேகத்தை மட்டும் குறைச்சா, அறுநூறு சுற்றுக்குக் கீழே விடையே இல்லைங்குது. திங்கட்கிழமை ஆய்வேடு கொடுக்கலேன்னா ஆறு வருஷ உழைப்பும் போச்சு."

செலினா அம்மா வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"கோடு பூஜ்யம்வரைக்கும் போயிருக்கே?"

அறவாழி நெளிந்தார்.

"கடைசித் துண்டு... நான் ஸ்கேல் வெச்சுப் பென்சில்ல இழுத்தது. சுத்துறது எல்லாம் என்னிக்காவது நிக்கத்தானே மேடம் செய்யும்? எங்க வீட்டு ஃபேன் தினம் நாலு தடவை நிக்குது."

"நின்ன பிறகும் ஃபேன் இருக்குமே சார்."

அவருக்குப் புரியவில்லை.

அந்த அம்மா ரப்பரை எடுத்தார். பென்சில் கோட்டை அழித்தார். தூளை ஊதினார். அறவாழியின் விரலைப் பிடித்துக் கோட்டின் முனையில் வைத்தார்.

"இங்கே?"

"நட்சத்திரம் இருக்கு."

விரலை ஒரு நெல் அளவு வெள்ளைத்தாளுக்குள் நகர்த்தினார்.

"இங்கே?"

"விடை இல்லை. கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுது."

அறவாழி, அடுப்பைத் தொட்டவர்போல் விரலை இழுத்துக்கொண்டார்.

"அப்போ இத்தனை கனத்தையும் தாங்கினது... அந்தச் சுழற்சியா?"

"ஆமா சார். அது குறைஞ்சா, தன் கனத்துலேயே நட்சத்திரம் உள்ளே விழுந்து கருந்துளையாயிடும்."

"உள்ளே விழ எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

"கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது."

அறவாழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானூறு தடவை இந்தக் கணக்கை ஓட்டியிருக்கேன்," என்றார். "நானூறு தடவை அது என் கண் முன்னால செத்திருக்கு. ஒவ்வொரு தடவையும் நான் மெஷினைத் திட்டிட்டு, அணைச்சுப் போட்டேன்."

இன்று விளக்கேற்றும்போது, எங்கோ வேகம் குறைந்துகொண்டிருக்கும் ஒன்றுக்காகவும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.