விவரப் பக்கத்தின் மேல் பிளாஸ்திரி

"நான் வரைஞ்ச பக்கத்து மேல பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்காங்க மேடம்" என்றார் சிக்கந்தர்.

மங்கையர்க்கரசி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க?"

"ஆஸ்பத்திரியில. மூணாவது மாடி வார்டு. நாலு கம்ப்யூட்டர்லயும். நோயாளி விவரப் பக்கத்தைத் திறந்தா வலது கீழ் ஓரம் கண்ணுக்கே தெரியல."

சிக்கந்தருக்கு ஐம்பத்தொரு வயது. இருபது வருடம் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் நோட்டீசுக்கும் பக்கம் அமைத்தவர். மூன்று வருடத்துக்கு முன்புதான், ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் இந்த மதுரை நிறுவனத்துக்கு வந்தார்.

மங்கையர்க்கரசிக்கு முப்பத்து நான்கு. திரையில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று சிக்கந்தருக்குக் கற்றுக்கொடுத்தவர். குறைவாகத்தான் பேசுவார். அவர் சொல்வதையெல்லாம் சிக்கந்தர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

"பிளாஸ்திரியை எங்க ஒட்டுவாங்க அண்ணே?"

"காயத்துல."

"அப்ப போய்க் காயத்தைப் பாத்துட்டு வாங்க."

சிக்கந்தருக்குக் கோபம் வந்தது. அவர் விடுகதை கேட்க வரவில்லை. வியாழக்கிழமை வேறொரு ஆஸ்பத்திரிக்காரர்கள் அதே வார்டில் மென்பொருளைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பிளாஸ்திரியை எடுக்கச் சொல்லி, மேடம் ஒரு போன் போட்டால் போதும்.

அன்று அவர் நோட்டைத் திறக்கவில்லை.

வார்டுக்குப் போனார். முதல் கம்ப்யூட்டரில் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பினார்.

"எடுக்காதீங்க சார்."

தலைமை நர்ஸ் குளோரி பாக்கியம். கையில் மருந்துத் தட்டு. குரலை உயர்த்தவில்லை.

"இதுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியுமா?"

"நிறைவு பட்டன். நான்தான் வச்சேன்."

"நீங்களா?" குளோரி தட்டைக் கீழே வைத்தார். "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

"பக்கத்துல சேமின்னு ஒரு பட்டன். அதை ஒட்டியே நிறைவு. எழுதி நிறைவாச்சுன்னு நாங்க அமுக்குறோம். சிகிச்சையே நிறைவாச்சுன்னு அது எடுத்துக்குது. மருந்தகத்துல அந்தப் பேரே போயிடுது. மேல வார்டுக்கு மருந்து வராது."

"அப்படி எத்தனை தடவை ஆச்சு?"

"பதினாலாம் கட்டில்ல ஒரு அம்மா. சர்க்கரை. ராத்திரியும் காலையிலயும் இன்சுலின் வரல. மத்தியானம் பேச்சு குழறிடுச்சு. ஆறு நாள் ஐ.சி.யு."

சிக்கந்தர் கேட்கப் பயந்ததைக் குளோரியே சொன்னார். "பிழைச்சுட்டாங்க."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

குளோரி போனை எடுத்துக் காட்டினார். நான்கு மெயில்கள். நான்கும் மங்கையர்க்கரசியின் பெயருக்கு. நான்குக்கும் ஒரே பதில் வந்திருந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது.

சிக்கந்தர் அதை இரண்டு தடவை படித்தார்.

"பிளாஸ்திரி ஒட்டினதுக்கு நிர்வாகத்துல எனக்கு மெமோ குடுத்திருக்காங்க" என்றார் குளோரி. "வியாழக்கிழமைக்குள்ள எடுக்கணுமாம்."

"என்ன செய்யப் போறீங்க?"

"பதில் குடுத்துட்டேன்."

அதன் நகலைக் காட்டினார். எடுக்க மாட்டேன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். வேறு எதுவும் இல்லை.

"வேலை போயிட்டா?"

"போகட்டும். பிளாஸ்திரி இருக்கும்ல."

சிக்கந்தர் மூன்று நாள் அந்த வார்டிலேயே உட்கார்ந்திருந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பார்த்தார்.

ஒரு நர்ஸ் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, டாக்டருக்குப் பதில் சொல்லியபடியே, ஒற்றைக் கையால் பக்கத்தை உருட்டினாள். நோயாளியின் தகப்பன் பெயர் வந்தது. தொழில் வந்தது. மதம் வந்தது. பின்கோடு வந்தது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது இருபத்தேழாவது வரியில் வந்தது.

அதை அங்கே வைத்தவரும் சிக்கந்தர்தான். இந்தத் தடவை அவர் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை, புதிய பக்கத்தோடு மங்கையர்க்கரசியின் முன்னால் நின்றார்.

மேலே கட்டில் எண், பெயர். அதன் கீழே சிவப்பில், ஒத்துக்கொள்ளாத மருந்து. அடுத்து, இன்று கொடுக்க வேண்டியவை. மற்றவையெல்லாம் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தன.

மங்கையர்க்கரசி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு அண்ணே. நிறைவு பட்டன் எங்க?"

"இந்தப் பக்கத்துல இல்ல. டாக்டர் நோயாளியை வீட்டுக்கு அனுப்புறப்போ திறக்குற பக்கத்துக்கு மாத்திட்டேன்."

"நாளைக்கு வர்றவங்ககிட்ட நம்ம எம்.டி. அதைத்தான் பெருசா சொல்லியிருக்கார். ஒரே பட்டன்ல எல்லாம் முடிஞ்சிடும்னு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் திரும்ப வச்சிடுங்க."

"வைக்க மாட்டேன்."

மங்கையர்க்கரசி நிமிர்ந்தார். மூன்று வருடத்தில் அவர் கேட்காத சொல் அது.

"நான் சொல்றேன் அண்ணே."

"வைக்க மாட்டேன் மேடம்."

"வேற ஆளை வச்சு வைக்கச் சொல்லவா?"

"சொல்லுங்க. நானும் ஒரு பெட்டி பிளாஸ்திரி வாங்கிட்டு வார்டுக்குப் போறேன்."

அறையில் மற்றவர்கள் தட்டச்சை நிறுத்தினார்கள்.

"உங்களுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் குடுத்தவ நான்."

"ஆமா" என்றார் சிக்கந்தர். "அதனாலதான் இதை எம்.டி.கிட்ட கொண்டு போகாம உங்ககிட்ட கொண்டு வந்தேன்."

நான்கு தாள்களை மேஜையில் வைத்தார். குளோரியின் நான்கு மெயில்கள். தேதியோடு. பக்கத்தில் அவருக்கு வந்த மெமோவின் நகல்.

மங்கையர்க்கரசி முதலாவதைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். மூன்றாவதில் வேகம் குறைந்தது. நான்காவதை முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினார்.

"எனக்கு வந்ததா இது?"

"நாலும்."

"நான் திறக்கவே இல்ல."

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று சிக்கந்தருக்குத் தோன்றியது. அதற்குப் பதில் கடைசி மெயிலின் தேதியைத் தொட்டுக் காட்டினார்.

"வர்றது எல்லாத்துக்கும் தானா பதில் போற மாதிரி வச்சிருந்தேன்" என்றார் அவர், தாளைப் பார்த்துக்கொண்டே. "அந்த வரியையும் நான்தான் எழுதினேன்."

கதவு திறந்தது. எம்.டி. ரத்தினவேல் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"நாளைக்கு எல்லாம் ரெடியா?"

"பக்கம் ரெடி சார்" என்றார் மங்கையர்க்கரசி. "நிறைவு பட்டன் அதுல இருக்காது."

"என்ன விளையாடுறீங்களா? அதைக் காட்டத்தான் அவங்களை வரச் சொல்லியிருக்கேன்."

"இருக்காது சார். அந்த வார்டு நர்சுக்குக் குடுத்த மெமோவையும் திரும்ப எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதப் போறேன். தப்பு எங்களுதுன்னு எழுதுவேன். உங்களுக்கும் ஒரு நகல் வரும்."

ரத்தினவேல் முழுதாக உள்ளே வந்தார். சிக்கந்தரைப் பார்த்தார். பிறகு மங்கையர்க்கரசியைப் பார்த்தார்.

"இது யார் எடுத்த முடிவு? நீங்களா, இவரா?"

சிக்கந்தர் வாயைத் திறந்தார். மங்கையர்க்கரசி அவரை முந்திக்கொண்டார்.

"குளோரி பாக்கியம்."

"யாரு அது?"

மங்கையர்க்கரசி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சிக்கந்தருக்கு வழிவிட்டு, அவர் முன்னால் போகட்டும் என்று நின்றார்.

"எனக்கும் தெரியாது சார். இப்பதான் பாக்கப் போறேன்."